அப்பா பெயரில் உதவித்தொகை: பத்து லட்சத்தை எப்படிக் கொடுப்பது?

கேள்வி: "அப்பா கணித ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், போன வருடம் காலமானார். அவர் படித்த கல்லூரியில் அவர் பெயரில் ஒரு உதவித்தொகை வைக்க நானும் அண்ணனும் தங்கையும் நினைக்கிறோம். பத்து லட்சம் ரூபாய் தயார். அண்ணன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார். பணத்தைக் கல்லூரியில் கட்டிவிட்டால் போதுமா? பி.எஸ்ஸி. கணிதத்தில் முதல் மதிப்பெண் எடுப்பவருக்கு என்று எழுதிக் கொடுக்கலாமா?"

கட்டுவது ஒரு நாள் வேலை. அதற்கு முன் இரண்டு மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மதிப்பெண்ணுக்கு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒரு கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கத்தில் இந்தக் கணக்குகளைப் பல வருடம் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தொகை சின்னதாக இருந்ததால் வீணான உதவித்தொகைகள் குறைவு. நல்ல மனதோடு எழுதிய நிபந்தனைகளால் முடங்கிப்போனவைதான் அதிகம்.

முதலில் பணக் கணக்கு. வழக்கமான முறை, முதலைத் தொடாமல் வங்கியில் வைப்பாகப் போட்டு வட்டியை மட்டும் வருடாவருடம் கொடுப்பது. 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பத்து லட்சத்துக்கு 70,000 ரூபாய். இரண்டு மாணவர்களுக்கு ஆளுக்கு 35,000. இன்றைக்கு இது உருப்படியான உதவிதான். ஆனால் விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு வருடத்தில் அந்த 70,000 இன்றைய 35,000க்குச் சமம். இருபத்து நான்கு வருடத்தில் 17,500. பெயர்ப்பலகை அப்படியே இருக்கும், அதன் கீழே கொடுக்கும் பணத்துக்கு மதிப்பு இருக்காது.

இது கற்பனை பயம் இல்லை. நம் பல்கலைக்கழகங்களின் பொற்பதக்கங்களைப் பாருங்கள். 1960களில் 10 கிராம் தங்கம் 200 ரூபாய்க்கும் குறைவு. சில ஆயிரம் ரூபாயைக் கட்டி, வட்டியில் வருடம் ஒரு தங்கப் பதக்கம் கொடுங்கள் என்று எழுதிவைத்தவர்கள் தாராளமாகத்தான் கொடுத்தார்கள். இன்று 10 கிராம் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. பல பட்டமளிப்பு விழாக்களில் முலாம் பூசிய பதக்கம் கொடுப்பதற்கு அதுதான் காரணம். அறக்கட்டளைச் சொற்பொழிவுகளின் நிலையும் அதேதான். பழைய முதலின் வட்டி பேச்சாளரின் பயணச் செலவுக்கே காணாது. துறைத்தலைவர் கைப்பணத்தில் டீ வாங்கிக் கொடுப்பார்.

இதைச் சமாளிக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வரும் வட்டி முழுவதையும் கொடுக்காமல் ஒரு பங்கைத் திரும்ப முதலோடு சேர்ப்பது. 7 வந்தால் 5 கொடுத்து 2 சேர்க்கலாம். தொடக்கத்தில் 70,000க்குப் பதில் 50,000தான் கிடைக்கும், ஆனால் வருடம் 2 சதவீதம் வளரும். விலைவாசியை முழுக்க எட்டிப்பிடிக்காது; பின்தங்கும் வேகம் குறையும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக முதல் தொகையில் 4-5 சதவீதம் வரைதான் ஒரு வருடத்தில் செலவுக்கு எடுக்கின்றன. பெரும்பகுதியைப் பங்குகளில் போடுவதால் அவர்களுடைய முதல் நீண்ட காலத்தில் வளர்கிறது. இங்கே வரிவிலக்கு பெற்ற அறநிறுவனங்கள் எதில் முதலீடு செய்யலாம் என்று வருமான வரிச் சட்டமே வரையறுக்கிறது. வங்கி வைப்பு, அரசுப் பத்திரங்கள், அஞ்சலகச் சேமிப்பு, மியூச்சுவல் ஃபண்ட் வரை இடம் உண்டு. ஒரு தனியார் கம்பெனியின் பங்கை நேராக வாங்க முடியாது. மியூச்சுவல் ஃபண்டுக்கு இடம் இருந்தாலும் பெரும்பாலான கல்லூரிகள் அந்தப் பக்கமே போகாது. தணிக்கையில் கேள்வி வரும் என்ற பயம். அந்தப் பயத்தைக் குறை சொல்லவும் முடியாது, அது அவர்கள் பணம் இல்லையே.

இரண்டாவது வழியை யாரும் சொல்லித் தருவதில்லை: முதலையும் சேர்த்துச் செலவழித்துத் தீர்ப்பது. அதே 7 சதவீதத்தில் பத்து லட்சத்தைப் பத்து வருடத்தில் தீர்ப்பதென்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 1,42,000 ரூபாய் கொடுக்கலாம். பதினைந்து வருடத்தில் என்றால் ஏறத்தாழ 1,10,000. வட்டி மட்டும் தரும் 70,000ஐவிட இது எவ்வளவு அதிகம் என்று பாருங்கள். மூன்று வருடப் படிப்பு முழுவதும் ஒரு மாணவரைத் தாங்கலாம், வருடம் ஒரு புதியவரையும் சேர்க்கலாம்.

சியர்ஸ் என்ற அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனத்தைப் பெரிதாக்கிய ஜூலியஸ் ரோசன்வால்ட் இந்த வழிக்காரர். என்றென்றைக்கும் முதலைக் காத்துக்கொண்டிருக்கும் அறக்கட்டளைகளை அவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். 1917இல் அவர் தொடங்கிய நிதி 1948இல் கடைசி டாலர்வரை செலவழித்து மூடப்பட்டது. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர்கள், அறிஞர்கள், இசைக் கலைஞர்கள் பலருக்கு அந்த நிதியின் ஃபெலோஷிப் கிடைத்தது. டூபாய்ஸ், மரியன் ஆண்டர்சன், ரால்ஃப் எலிசன், ஜேம்ஸ் பால்ட்வின் எல்லோரும் அந்தப் பட்டியலில் உண்டு. நிதி இல்லாமல் போய் எழுபது வருடத்துக்கு மேல் ஆகியும் அதைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள்.

பத்து லட்சத்துக்கு நான் இந்த வழியைத்தான் சொல்வேன். பதினைந்து வருடத்துக்கு எழுதுங்கள். இடையில் குடும்பத்தில் யாருக்காவது வசதி வந்து முதலைக் கூட்டினால் காலத்தை நீட்டிக்கொள்ளலாம் என்றும் ஒரு வரி சேருங்கள். நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாகச் சொன்னால், சரி, முதல் வழி. ஆனால் திரும்பச் சேர்க்கும் பங்கை எழுத்தில் கட்டாயமாக்குங்கள்.

அடுத்து, யாரிடம் கொடுப்பது. அது என்ன கல்லூரி என்பதைப் பொறுத்தது. பல்கலைக்கழகம் என்றால் பதிவாளருக்கு விண்ணப்பித்து, ஆட்சிக்குழுவில் தீர்மானமாகி, விதிமுறை எழுதி வரும். மெதுவாக நடக்கும், ஆனால் காகிதம் பலமானது. உதவிபெறும் கல்லூரி என்றால் நிர்வாகக் குழு. அரசுக் கல்லூரி என்றால் முதல்வர் பதவியின் பெயரில் வைப்பு போடுவார்கள். முதல்வர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், கோப்பு ஒரு பீரோவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும், வைப்பு முதிர்ந்து புதுப்பிக்கப்படாமல் கிடக்கும். இப்படிப்பட்ட இடங்களில், 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவான, வருடாவருடம் தணிக்கை செய்கிற ஒரு முன்னாள் மாணவர் சங்கம் இருந்தால் பணம் அங்கே இருப்பது நல்லது. தேர்வும் சான்றிதழும் கல்லூரியிடம், வைப்பு சங்கத்திடம் என்று மூன்று தரப்பும் கையெழுத்திட்டு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். எந்த இடமாக இருந்தாலும் உங்கள் பணம் பொதுக்கணக்கில் கலக்கக் கூடாது. தனி வைப்பு, தனிப் பேரேடு.

கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு மிகப் பழைய உதாரணம் ஹார்வர்டு. 1643இல் லண்டனைச் சேர்ந்த ஆன் ராட்கிளிஃப் என்ற லேடி மோல்சன், ஏழை மாணவர் ஒருவரைப் படிக்க வைக்க 100 பவுண்டு கொடுத்தார். அந்தக் கல்லூரிக்கு வந்த முதல் உதவித்தொகை நன்கொடை அதுதான். பணம் மாசசூசெட்ஸ் குடியேற்ற அரசின் கருவூலத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. 18ஆம் நூற்றாண்டில்தான் கல்லூரிக்குத் திரும்பி வந்தது. அவர் பெயரில் உதவித்தொகை மறுபடி தொடங்கியது 1890களில். பணத்தை வாங்கிக்கொண்டு வந்த பாதிரியார் தாமஸ் வெல்ட், தன் மகனுக்கே அது முதலில் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார். பையன் திருட்டில் மாட்டிக் கல்லூரியை விட்டு அனுப்பப்பட்டான்! ஒரே கதையில் இரண்டு பாடம்.

இதற்கு நேர் எதிர் உதாரணமும் உண்டு. பம்பாய்ப் பஞ்சு வியாபாரி பிரேம்சந்த் ராய்சந்த், கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்தவர். 1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் பஞ்சு விலை விழுந்தது. பம்பாய்ப் பங்குச்சந்தையோடு சேர்ந்து அவரும் விழுந்தார். ஆனால் பல்கலைக்கழகத்தின் கைக்குப் போன பணம் அவருடைய கடன்காரர்கள் தொட முடியாத இடத்தில் இருந்தது. அசுதோஷ் முகர்ஜி உட்பட வங்காளத்தின் பெரிய படிப்பாளிகள் பலர் பிரேம்சந்த் ராய்சந்த் ஸ்காலர்கள். பெயருக்குப் பின்னால் பி.ஆர்.எஸ். என்று போட்டுக்கொள்வதே ஒரு மரியாதையாக இருந்தது.

அண்ணன் விஷயம். இதில் கவனம் தேவை. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அமெரிக்கப் பாஸ்போர்ட் வாங்கிவிட்டால், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர். வாங்கும் அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும், பணமும் புது தில்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென்று இருக்கும் கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். சட்டத்தால் அமைந்த சில நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு; கல்லூரி நிதி அலுவலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "அண்ணன் என் கணக்கில் போடட்டும், நான் என் பெயரில் கட்டிவிடுகிறேன்" என்ற யோசனை எல்லாக் குடும்பத்திலும் வரும். உறவினர்களுக்குள் பணம் அனுப்ப விலக்கு இருப்பது உண்மை. அந்தப் பணத்தையே நன்கொடையாக மாற்றிவிடுவது வேறு விஷயம். ஆடிட்டர் எழுத்தில் சொல்லாமல் அதைச் செய்ய வேண்டாம். அண்ணன் தன் பங்காக இங்கே பணம் போடாமல், அந்தக் கல்லூரியிலிருந்து அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்கு வருபவர்களுக்கு விண்ணப்பக் கட்டணத்தையோ முதல் மாத வாடகையையோ அங்கேயே கொடுக்கலாம். அதுவும் அப்பா பெயரில்தான்.

வரிச் சலுகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நன்கொடைக்கு 80ஜி என்று எல்லோரும் சொல்கிற சலுகை (2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் வேறு) பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்குத்தான். புதிய முறையில் இருந்தால் கிடைக்காது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கணக்கில் வராது. நீங்களும் தங்கையும் தனித்தனியாக அவரவர் கணக்கிலிருந்து கட்டி, தனித்தனி ரசீதும் நன்கொடைச் சான்றும் வாங்குங்கள். மாணவருக்கு இதில் வரி இல்லை. படிப்புச் செலவுக்காகத் தரும் உதவித்தொகை அவருடைய வருமானமாகக் கணக்காகாது.

இனி நிபந்தனை. முதல் மதிப்பெண் ஏன் வேண்டாம் என்றால், அலுவலகத்துக்கு அது வசதி, மாணவருக்கு இல்லை. மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் போதும், யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. ஆனால் முதலில் வருபவருக்குப் பணம் தேவையா என்று அந்தப் பட்டியல் சொல்லாது. ஐந்தாவது இடத்தில் இருக்கிற, காலையில் பால் ஊற்றிவிட்டுக் கல்லூரிக்கு வருகிற பையன் அதில் தெரியமாட்டான். முதல் மதிப்பெண்ணுக்குப் பரிசு கொடுக்க ஆசை என்றால், 2,000 ரூபாய்க்கு நல்ல கணிதப் புத்தகங்களாகக் கொடுங்கள். அது பரிசு. உதவித்தொகையை அதோடு சேர்க்க வேண்டாம்.

கணிதம் என்றதால் ராமானுஜன் நினைவுக்கு வருகிறார். 1904இல் கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் அவருக்குக் கணிதத்துக்கான கே. ரங்கநாத ராவ் பரிசு கிடைத்தது. அதுவும் ஒருவர் பெயரில் வைத்த பரிசுதான். பிறகு அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணிதத்தைத் தவிர எதையும் படிக்காமல் ஆங்கிலத்தில் தோற்றார், உதவித்தொகை போயிற்று, படிப்பும் நின்றது. பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தும் எஃப்.ஏ. (பட்டப்படிப்புக்கு முந்தைய அந்நாள் கல்லூரித் தேர்வு) தேறவில்லை. நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் தன் கையிலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கினார். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் இல்லாதவருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை இல்லை என்ற விதியைத் தளர்த்தி மாதம் 75 ரூபாய் கொடுத்தது. ராமானுஜன் மாதிரி ஒருவர் உங்கள் உதவித்தொகைக்கு வருவார் என்று நான் சொல்லவில்லை. ஒரு தாளில் தோற்றால் அடுத்த வருடப் பணம் கிடையாது என்று எழுதும்போது யார் வெளியே போகிறார்கள் என்று பாருங்கள். வீட்டில் ஒரு சாவு, ஒரு மஞ்சள் காமாலை, இரண்டு அரியர். அந்த வருடம்தான் பணம் தேவை. "துறை ஆசிரியர்கள் இருவர் பரிந்துரைத்தால் தொடரலாம்" என்று ஒரு வரி போதும்.

எதற்குப் பணம் கொடுப்பது என்பதில்தான் தமிழ்நாட்டு நிலைமையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அரசு கலைக் கல்லூரியில் கட்டணம் பெரிய சுமை இல்லை. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் தொழிற்படிப்புக்குப் போனவர்களுக்குக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே கட்டுகிறது. முதல் பட்டதாரி சலுகை உண்டு. புதுமைப் பெண் திட்டத்தில் மாணவிகளுக்கும், 2024இலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாணவர்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி உதவித்தொகைகள் இருக்கின்றன. ஆக, "கல்விக் கட்டணத்துக்காக" என்று நீங்கள் எழுதினால், கட்டணமே இல்லாதவர்களுக்கு அதைக் கொடுக்க வழியில்லாமல் பணம் தேங்கும். ஓட்டை வேறு இடங்களில் இருக்கிறது: தனியார் விடுதியின் மெஸ் பில், அரசு உதவி வந்து சேரும்வரை உள்ள ஆறேழு மாத இடைவெளி, தேர்வுக் கட்டணம், ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர எழுதும் ஜாம் (JAM) மாதிரி நுழைவுத் தேர்வுகளின் விண்ணப்பக் கட்டணம், அதற்கு வேறு ஊர் போய்வரும் செலவு, பழைய லேப்டாப்பின் பழுது.

ஒரு நுணுக்கம். மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகை விதிகளில், அதை வாங்குபவர் வேறு உதவித்தொகை வாங்கக் கூடாது என்று இருந்துவந்திருக்கிறது. புத்தகம், கருவி, உணவு, தங்குமிடம் ஆகியவற்றுக்கான உதவியை மட்டும் கூடுதலாக வாங்கலாம். எனவே உங்கள் ஆவணத்தில் நோக்கத்தை "உணவு, தங்குமிடம், புத்தகம் மற்றும் படிப்போடு தொடர்புள்ள செலவுகள்" என்று எழுதுவது பாதுகாப்பு. கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவு எழுத்தரிடம் நடப்பு விதியை ஒருமுறை கேளுங்கள். முதல்வரைவிட அவருக்குத்தான் இது நன்றாகத் தெரியும்.

மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது அவசர உதவிக்கு ஒதுக்கச் சொல்வேன். அட்லான்டாவில் இருக்கும் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2011இலிருந்து இதைச் செய்துவருகிறது. சில நூறு டாலர் பாக்கிக்காக வகுப்பிலிருந்து நீக்கப்பட இருந்த மாணவர்களின் பாக்கியை, விண்ணப்பம்கூட இல்லாமல் பல்கலைக்கழகமே அடைத்தது. பட்டத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றுபோக இருந்த பலர் படிப்பை முடித்தார்கள். நம் கல்லூரிகளிலும் ஹால் டிக்கெட் கொடுக்கும் வாரத்தில் பாக்கிப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் தொங்கும். அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு மார்ச் மாத ஆண்டு விழாவில் கொடுக்கும் காசோலை எதற்கு உதவும்? ஜூலை, நவம்பர் என்று இரண்டு தேதிகளை ஆவணத்திலேயே எழுதுங்கள், மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போக வேண்டும் என்றும் எழுதுங்கள்.

"மட்டும்" என்று ஒரு வரியில் வந்தால் அடித்துவிட்டு "முன்னுரிமை" என்று எழுதுங்கள். கணிதத் துறைக்கு மட்டும், எங்கள் கிராமத்துக்கு மட்டும், ஆண்களுக்கு மட்டும் என்பவை எல்லாம் ஒரு நாள் பூட்டாக மாறும். சேர்க்கை இல்லாமல் பி.எஸ்ஸி. கணிதத்தையே மூடுகிற கல்லூரிகள் இன்று இருக்கின்றன. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1920இல் லிடியா ராபர்ட்ஸ் பெயரில் வந்த ஃபெலோஷிப், அயோவா மாநிலத்தைச் சேர்ந்த வெள்ளையருக்கு மட்டும், சட்டமும் மருத்துவமும் படிக்கக் கூடாது என்றெல்லாம் எழுதப்பட்டிருந்தது. பல்கலைக்கழகம் அதைக் கொடுப்பதையே நிறுத்தி, நிபந்தனையை நீக்க 2013இல் நீதிமன்றத்தின் உதவியை நாட வேண்டியிருந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் படிக்க உதவித்தொகை ஏற்படுத்தி 1902இல் இறந்த செசில் ரோட்ஸின் உயிலில் ஆண்களுக்குத்தான் இடம். பிரிட்டனில் பாலினப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்த பிறகு, 1977இல்தான் முதல் பெண்கள் ரோட்ஸ் ஸ்காலர்களாக ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார்கள்.

நம் ஊர்க் கதை பச்சையப்ப முதலியாருடையது. 1794இல் இறந்தவர், கோயில் கட்டளைகளுக்கும் தருமத்துக்கும் சொத்தை எழுதிவைத்தார். பொறுப்பேற்றவர்கள் சரியாக நடத்தவில்லை. வழக்கு பல பத்தாண்டுகள் இழுத்தது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டனின் முயற்சியில், கட்டளைகள் போக மிஞ்சிய பணம் கல்விக்குத் திரும்பியது. 1842இல் பள்ளி, 1889இல் கல்லூரி. முடிவு நல்லதுதான், ஆனால் இடையில் ஐம்பது வருடம் போய்விட்டது. இன்றும் பொது அறக்கட்டளையின் மூல நோக்கத்தை மாற்ற உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்க, "இந்தத் துறையோ தகுதியோ இல்லாமல் போனால், இதற்கு மிக நெருங்கிய வேறு நோக்கத்துக்குக் குழு பயன்படுத்தலாம்" என்ற ஒரு பத்தியை இப்போதே சேர்த்துவிடுங்கள்.

சாதி. "எங்கள் சமுதாயத்துப் பிள்ளைகளுக்கு" என்று பெரியவர் யாராவது சொல்லத்தான் செய்வார். குறிப்பிட்ட ஒரு சாதிக்கோ மதத்துக்கோ என்று ஏற்படுத்திய நிதிக்கு 80ஜி கிடையாது. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்ட வகுப்பினர், பெண்கள், குழந்தைகள் நலனுக்கு என்றால் அந்தத் தடை இல்லை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வகுப்பறை முழுவதையும் பார்த்துப் பாடம் எடுத்த ஒரு வாத்தியார் பெயரில் அப்படி எழுதுவது எனக்கு உறுத்தும். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர், பெற்றோர் கல்லூரி வாசல் மிதிக்காதவர், ஒற்றைப் பெற்றோரின் பிள்ளை என்று முன்னுரிமை எழுதினால் உதவி போக வேண்டிய இடத்துக்குப் போகும். உறவினர் பிள்ளைகளுக்கு வேண்டாம். கொடுத்தவரின் சொந்தக்காரருக்குப் பலன் போனால் அமைப்பின் வரிவிலக்கே சிக்கலாகும். தேர்வுக் குழுவிலும் நீங்கள் யாரும் உட்கார வேண்டாம். துறைத்தலைவர், வேறு துறை ஆசிரியர் ஒருவர், விடுதிக் காப்பாளர் போதும். பிள்ளைகளின் நிலைமை விடுதிக் காப்பாளருக்குத் தெரிந்த அளவுக்கு மற்றவர்களுக்குத் தெரியாது.

கடனாகக் கொடுத்துத் திரும்ப வாங்கிச் சுழற்றலாமே என்றும் கேட்பார்கள். ஜாம்ஷெட்ஜி டாட்டா 1892இல் தொடங்கிய நிதி அப்படித்தான், வெளிநாட்டு மேற்படிப்புக்கான கடன் உதவித்தொகை. இன்றும் நடக்கிறது. ஆனால் அதற்கு அலுவலகம் வேண்டும், துரத்த ஆள் வேண்டும். பத்து லட்சத்துக்கு அது தாங்காது. படித்து முடித்து நம் ஊருக்கே வந்து வேலை செய்ய வேண்டும் என்ற பிணையும் வேண்டாம். பரோடா மன்னர் சாயாஜிராவ் 1913இல் அம்பேத்கரைக் கொலம்பியாவுக்கு அனுப்பினார். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று வருடம். திரும்பி வந்து பத்து வருடம் சமஸ்தானத்தில் வேலை பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். 1917இல் அவர் வந்தார். அலுவலகத்தில் கோப்புகளை மேசையில் வீசினார்கள், ஊரில் தங்க வீடு கிடைக்கவில்லை, சில நாளில் கிளம்ப வேண்டியதாயிற்று. மன்னரின் பணம் வீணாகவில்லை, ஒப்பந்தத்தின் அந்தப் பகுதிதான் வீண்.

விழா பற்றி ஒரு வார்த்தை. மேடையில் நிறுத்தி, பொன்னாடை போர்த்தி, "வறுமையிலும் படிக்கும் மாணவி" என்று மைக்கில் அறிவித்துப் போட்டோ எடுப்பதை ஆவணத்திலேயே தடுத்துவிடுங்கள். பெயரிலும் "ஏழை" வேண்டாம். அப்பா பெயர், "கணித உதவித்தொகை", அவ்வளவு போதும். அந்தப் பெண் நாளைக்கு அதைத் தன் விவரக்குறிப்பில் போட்டுக்கொள்ளலாம், மதிப்பாக இருக்கும். மாணவரிடம் நன்றிக் கடிதம் கேட்க வேண்டாம். அதற்குப் பதில் அப்பாவைப் பற்றி அரைப்பக்கம் எழுதி, தேர்வான கடிதத்தோடு அனுப்பச் சொல்லுங்கள்: எந்த ஊர்ப் பள்ளிகளில் பாடம் எடுத்தார், எந்தக் கணக்கை விரும்பிப் போடுவார் என்று. எழுத நினைப்பவர்கள் அதைப் படித்துவிட்டுத் தாமாகவே எழுதுவார்கள்.

முதல்வரைப் பார்க்கப் போகும்போது இரண்டு பக்க வரைவைக் கையோடு கொண்டுபோங்கள். அவர்கள் கொடுக்கும் அச்சுப் படிவத்தில் அங்கேயே கையெழுத்துப் போட வேண்டாம். கல்லூரியில் ஏற்கெனவே இருக்கும் அறக்கட்டளைகளின் பட்டியலைக் கேளுங்கள். கடந்த மூன்று வருடத்தில் எத்தனை கொடுக்கப்பட்டன, எத்தனை தேங்கி நிற்கின்றன என்று கேளுங்கள். பட்டியல் அரை மணி நேரத்தில் வந்தால் பணம் பத்திரமான இடத்துக்குப் போகிறது. அடுத்த வாரம் வாருங்கள் என்றால் முன்னாள் மாணவர் சங்கத்தைத் தேடுங்கள். ஆண்டு அறிக்கை அனுப்ப உங்கள் மூவரின் மின்னஞ்சலோடு, அடுத்த தலைமுறையில் ஒருவருடைய முகவரியையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.